காட்டிக்கொடாமையும் மீட்பும்: ஆக்கிரமிப்புக் கால அந்தமானும் யூத இளைஞர் இயக்கங்களும்

முன்னுரை

இரண்டாம் உலகப் போரின்போது இந்திய நிலப்பரப்பில் நெடுங்காலம் அயற்படையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பகுதி அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் ஆகும். 1942 மார்ச் 23 அன்று போர்ட் பிளேயரில் இறங்கிய ஜப்பானியப் படை, 1945 அக்டோபரில் பிரித்தானிய இந்தியப் படை மீண்டும் வந்திறங்கும் வரை அங்கு ஆட்சி செலுத்தியது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் நீடித்த இக்காலம் இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் பெரும்பாலும் ஒரே ஒரு நிகழ்வால் நினைக்கப்படுகிறது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேயரில் மூவண்ணக் கொடியை ஏற்றியதே அந்நிகழ்வு. அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் போஸ் தலைமை தாங்கிய அதே இந்திய சுதந்திர லீக்கின் உறுப்பினர்கள். கொடியேற்றம் பாடநூல்களில் இடம்பெற்றது. படுகொலை தீவுகளின் நினைவோடு நின்றுவிட்டது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மாத காலம் ஒரு வினாவை எழுப்புகிறது. ஆக்கிரமிப்பாளரின் ஒப்புதலோடு இயங்கிய ஓர் அமைப்பால் தன் மக்களைக் காக்க ஏன் இயலவில்லை? இவ்வினாவைத் தனித்து நோக்கினால் அமைப்பினரைக் குறை கூறுவதிலோ போற்றுவதிலோ முடியும். அதே காலத்தில் உலகின் வேறொரு பகுதியில், இதனினும் கொடிய சூழலில், மீட்புப் பணியில் ஈடுபட்ட யூத இளைஞர் இயக்கங்களின் செயல்முறையோடு ஒப்பிட்டு நோக்கினால் மீட்பு என்பது எவற்றால் இயலுகிறது, எவற்றால் இயலாமற் போகிறது என்பது தெளிவாகும். அவ்வொப்பீட்டை மேற்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பிடுதல் வேறு, ஒன்றெனக் கூறுதல் வேறு. ஐரோப்பாவில் நாஜி ஜெர்மனி நிகழ்த்தியது ஓர் இனத்தை முற்றாக அழிக்கும் திட்டம். ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் அதில் உயிரிழந்தனர். அந்தமானில் நிகழ்ந்தது அச்சத்தாலும் ஐயத்தாலும் பஞ்சத்தாலும் உந்தப்பட்ட படையாட்சியின் வன்கொடுமை. அளவாலும் நோக்காலும் இவை வேறானவை. எனினும் ஆயுதமற்ற மக்கள் தம்மவரைக் காக்க முயன்ற வழிகளை ஒருசேர வைத்துக் காண்பதற்கு இவ்வேறுபாடு தடையன்று.

ஆக்கிரமிப்புக்கு முன் அந்தமான் சமூகம்

1858-இல் தண்டனைக் குடியேற்றமாக நிறுவப்பட்ட அந்தமான், அரசே மனிதர்களைக் கொண்டுவந்து சேர்த்து உருவாக்கிய சமூகத்தைக் கொண்டிருந்தது. கைதிகளின் வழிவந்தோர், மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார், பர்மாவிலிருந்து 1925-இல் குடியேறிய கரேன் மக்கள், அரசுப் பணியாளர்கள், வணிகர்கள் எனப் பல மொழியினரும் பல சமயத்தினரும் அங்கு வாழ்ந்தனர். தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் பஞ்சாபியரும் அவர்களுள் அடங்குவர். 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 33,768 ஆகும்.

இச்சமூகத்தில் தாமாக முன்வந்து அமைத்துக்கொண்ட பொதுவமைப்புகள் குறைவு. அமைப்பாகச் செயற்படப் பயின்ற இளைஞர்கள் தீவில் இருந்த காலம் ஒன்று உண்டு. 1930-களில் செல்லுலார் சிறையில் அடைக்கப்பட்டிருந்த அரசியல் கைதிகள் சிறைக்குள்ளேயே படிப்பு வட்டங்களை நடத்தினர். 1935-இல் பொதுவுடைமைக் கூட்டமைப்பு ஒன்றையும் நிறுவினர். 1937-ஆம் ஆண்டின் பெரும் உண்ணாநிலைப் போராட்டத்தை அடுத்து 1938-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் அவர்கள் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களைப் பொறுத்தவரை அது வெற்றி. ஆனால் ஆக்கிரமிப்பு வந்தபோது, தலைமறைவுப் பணியில் தேர்ந்த ஒருவரும் தீவில் இல்லை என்னும் நிலையும் அதனால் உருவாயிற்று. அவர்கள் இருந்திருப்பினும் சிறைச் சுவர் அவர்களைக் குடியேறிய மக்களிடமிருந்து பிரித்தே வைத்திருந்தது என்பதையும் மறத்தலாகாது.

1942 மார்ச் 8 அன்று இரங்கூன் வீழ்ந்தது. அதனை அடுத்துத் தீவிலிருந்த படைப்பிரிவு வெளியேற்றப்பட்டது. எதிர்ப்பின்றியே ஜப்பானியர் போர்ட் பிளேயரில் இறங்கினர். முதல் சில நாட்களுக்குள், வீடுகளில் புகுந்த படையினரை நோக்கிக் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட ஜுல்ஃபிகர் அலி என்னும் இளைஞர் பொதுமக்கள் முன்னிலையில் கொல்லப்பட்டார். ஆங்கில அதிகாரியான மேஜர் பேர்ட் என்பவரும் அதே மாதத்தில் பொதுவிடத்தில் கொல்லப்பட்டார். தனி மனிதரின் எதிர்ப்புக்குக் கிடைக்கும் விடை எத்தகையது என்பதைத் தீவு மக்கள் முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டனர்.

இடைநின்ற அமைப்பு

இராஷ் பிஹாரி போஸ் முயற்சியால் தென்கிழக்காசியா எங்கும் பரவிய இந்திய சுதந்திர லீக்கின் கிளை போர்ட் பிளேயரிலும் அமைக்கப்பட்டது. அதன் தலைவராக விளங்கியவர் மருத்துவர் தீவான் சிங். 1897-இல் பிறந்த இவர் 1927 முதல் அந்தமானில் பணியாற்றியவர். பஞ்சாபி மொழியில் யாப்பு மரபைக் கடந்த புதுக்கவிதையின் முன்னோடிகளுள் ஒருவர். ‘வக்தே பாணி’ என்னும் அவருடைய கவிதைத் தொகுப்பு 1938-இல் வெளிவந்தது. போர்ட் பிளேயரில் குருத்வாராவை மையமாகக் கொண்டு குழந்தைகளின் கல்வியிலும் அவர் ஈடுபட்டிருந்தார். ‘காலேபாணி’ என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தண்டனைத் தீவின் பெயரையே தன் பெயராக ஏற்ற கவிஞர் அவர்.

லீக்கின் நிலை இரட்டைத் தன்மை கொண்டது. ஜப்பானியர் நோக்கில் அது மக்களிடம் ஒத்துழைப்பைப் பெறுவதற்கான கருவி. மக்கள் நோக்கில் படையினரிடம் முறையிடுவதற்கு இருந்த ஒரே வாயில். ஆள் திரட்டல், உழைப்புக் கட்டாயம், பெண்கள் மீதான அத்துமீறல் ஆகியவற்றைப் பற்றிய முறையீடுகள் தீவான் சிங் வழியாகவே சென்றன. குருத்வாராவைப் படையினரின் இழிநோக்குக்குத் தர அவர் மறுத்தார் என்பது தீவின் நினைவில் நிலைத்துள்ள செய்தி. முறையிடுவோர் ஆட்சியாளரின் பார்வையில் மெல்ல மெல்ல ஐயத்துக்குரியோர் ஆயினர்.

அவ்வையத்துக்குப் போர்ச் சூழலும் காரணமாயிற்று. தீவை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பல்கள் நேச நாடுகளின் தாக்குதலுக்கு உள்ளாயின. உள்ளூரிலிருந்து யாரோ செய்தி அனுப்புகின்றனர் என ஆட்சியாளர் முடிவு செய்தனர். 1943 ஜனவரியில், முன்னர் அந்தமான் காவல்துறையில் பணியாற்றிய டெனிஸ் மெக்கார்த்தி என்பவரின் தலைமையில் ஒரு சிறு உளவுக் குழு டச்சு நீர்மூழ்கிக் கப்பல் வழியாக நடு அந்தமானின் கரையில் இறங்கியது உண்மையே. அக்குழு காட்டுக்குள் மறைந்து பணியாற்றிப் பிடிபடாமல் திரும்பியது. பிடிபட்டவர்கள் ஊரில் இருந்தவர்கள். 1943 மார்ச்சில் நாராயண ராவ் உள்ளிட்ட சிலர் உளவாளிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 23 அன்று தீவான் சிங்கும் கைது செய்யப்பட்டார். செல்லுலார் சிறையில் 82 நாட்கள் வதைக்கப்பட்டு 1944 ஜனவரி 14 அன்று அவர் உயிர்நீத்தார். போஸ் தீவுக்கு வந்து அச்சிறையைப் பார்வையிட்ட நாளிலும் தீவான் சிங் உயிரோடு அங்கே அடைபட்டிருந்தார். விருந்தினருக்குக் காட்டப்பட்டது பழைய தியாகிகளின் சிறை. புதிய கைதிகளின் சிறை காட்டப்படவில்லை. அடுத்த பதினாறாம் நாள் ஹம்ப்ரிகஞ்சுப் படுகொலை நிகழ்ந்தது.

யூத இளைஞர் இயக்கங்களின் இயல்பு

அந்தமானில் மீட்பு ஏன் இயலவில்லை என்பதை அறிய, மீட்பு இயன்ற இடங்களில் அது எவ்வாறு இயன்றது என்பதைக் காண வேண்டும். முதல் உலகப் போருக்கு முன்பும் பின்பும் கிழக்கு ஐரோப்பாவின் யூத இளைஞரிடையே பல இயக்கங்கள் தோன்றின. 1913-ஐ ஒட்டிக் கலீசியாவில் உருவான ஹஷோமேர் ஹட்ஸாயிர், உழைப்பாளர் சார்பு கொண்ட ட்ரோர், சமயப் பற்றுடைய ப்னே அகிவா, 1923-இல் தோன்றிய பெய்த்தார் ஆகியன அவற்றுள் சில. சாரணர் பயிற்சி, மொழிக் கல்வி, கோடை முகாம், வேளாண் பயிற்சி என்பனவே இவற்றின் தொடக்ககாலப் பணிகள். படை நடத்துவதற்கோ மீட்புப் பணிக்கோ இவை தோன்றவில்லை.

எனினும் இப்பணிகளின் ஊடாக மூன்று பண்புகள் இவ்வியக்கங்களில் வேரூன்றின. ஒரு நகரத்தின் கிளைக்கும் மற்றொரு நகரத்தின் கிளைக்கும் இடையே நாடளாவிய தொடர்பு இருந்தது. உறுப்பினர்கள் சிறுவயதிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்து நம்பினர். குடும்பப் பொறுப்பு இன்னும் முழுமையாகச் சுமத்தப்படாத இருபது வயதினர் தலைமையில் இருந்தனர். 1939-இல் போர் மூண்டபோது முதிர்ந்த தலைவர்கள் பலர் போலந்தைவிட்டு வெளியேறினர். இளைஞர் தலைவர்கள் சிலரோ பாதுகாப்பான பகுதியிலிருந்து ஜெர்மானியர் வசமிருந்த பகுதிக்குத் திரும்பி வந்தனர். பின்னாளில் வார்சாக் கெட்டோவின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மொர்தெகாய் அனியலேவிச் அவ்வாறு திரும்பியவர்களுள் ஒருவர். அவர் 1919-இல் பிறந்தவர்.

செய்தி, வழி, தொடர்பு

மீட்பின் முதல் தேவை செய்தி. கெட்டோக்களுக்குள் அடைபட்ட மக்களுக்கு அடுத்த நகரில் நடப்பது தெரியாது. அச்சுவரைக் கடந்தவர்கள் இளைஞர் இயக்கங்களின் தூதர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களை விருத்தசேதன அடையாளத்தால் கண்டுபிடிக்க முடிந்தது. பெண்களால் போலிச் சான்றிதழோடு தொடர்வண்டியில் பயணம் செய்ய முடிந்தது. டோசியா ஆல்ட்மன், ஃப்ரும்கா ப்ளோட்னிட்ஸ்கா ஆகியோர் இவ்வாறு நகரந்தோறும் சென்று செய்தியையும் பணத்தையும் பின்னர் ஆயுதத்தையும் கொண்டு சேர்த்தனர். இருவரும் 1943-இல் உயிரிழந்தனர்.

வில்னா நகருக்கு அருகிலுள்ள போனாரிக் காட்டில் நிகழ்ந்த படுகொலைகள் தனித்த வன்முறையல்ல, முழு அழிப்பின் தொடக்கம் என்பதை முதலில் உணர்ந்து உரைத்தவர்களுள் அபா கோவ்னர் முதன்மையானவர். 1941 டிசம்பர் 31 அன்று இளைஞர் இயக்கத்தினரின் கூட்டத்தில் அவர் எழுதிய அறிக்கை படிக்கப்பட்டது. 1942 ஜனவரியில் ஒன்றுபட்ட எதிர்ப்பமைப்பு உருவாயிற்று. கோவ்னரும் கவிஞர் என்பது இங்குக் கருதத்தக்கது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட ஒருவரே சிதறிக் கிடந்த செய்திகளைச் சேர்த்து அவற்றின் பொருளைக் கூறினார்.

வார்சாவில் 1942 ஜூலை 22 தொடங்கி இரண்டு மாதங்களுக்குள் ஏறத்தாழ 2,65,000 பேர் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஜெர்மானியரால் அமர்த்தப்பட்ட யூத மன்றத்தின் தலைவர் அடாம் செர்னியாகோவ், மக்களை ஒப்படைக்கும் ஆணையில் பங்கேற்க இயலாது ஜூலை 23 அன்று தற்கொலை செய்துகொண்டார். அதே மாதம் 28 அன்று இளைஞர் இயக்கங்கள் ஒன்றிணைந்து யூதப் போராளி அமைப்பைத் தோற்றுவித்தன. இடைநின்ற மன்றம் செயலற்றுப் போன அதே வாரத்தில் இளைஞர் அமைப்பு தோன்றியமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1943 ஏப்ரல் 19 முதல் மே 16 வரை நீடித்த கிளர்ச்சியில் அவ்வமைப்பினர் பெரும்பாலோர் மாண்டனர். ட்ரோர் இயக்கத்தைச் சேர்ந்த இட்ஸாக் சுக்கர்மனும் ஸிவியா லுபெட்கினும் உயிர் தப்பினர்.

எல்லை அருகிலிருந்த இடங்களில் போரைவிட மீட்பே முதன்மை பெற்றது. பிரான்சில் 1923-இல் ராபர்ட் கம்ஸோன் நிறுவிய யூதச் சாரணர் இயக்கம், குழந்தைகளுக்குப் போலிப் பெயரும் சான்றும் தந்து கிறித்துவக் குடும்பங்களிலும் மடங்களிலும் மறைத்து வைத்தது. 1942-இல் உருவான சியோனிச இளைஞர் இயக்கம் குழந்தைகளைச் சுவிட்சர்லாந்து எல்லை கடத்தியது. அப்பணியில் ஈடுபட்ட மரியான் கோன், 1944 மே 31 அன்று ஏறத்தாழ முப்பது குழந்தைகளோடு எல்லைக்கு அருகில் பிடிபட்டார். தப்பிக்க வாய்ப்பு அமைந்தும், குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் என்று அவர் அதனை ஏற்கவில்லை. உடன் பணியாற்றியோர் பெயரையும் வெளியிடவில்லை. ஜூலை 8 அன்று கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 21. ஆன்மாஸ் நகர மேயர் ஜான் டெஃபோவின் முயற்சியால் குழந்தைகள் பிழைத்தனர்.

ஹங்கேரியில் 1944 மார்ச் 19 அன்று ஜெர்மானியப் படை புகுந்தது. மே 15-க்கும் ஜூலை 9-க்கும் இடையில் நான்கு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். புடாபெஸ்ட்டின் இளைஞர் இயக்கத்தினர் சில நூறு பேரே. அவர்கள் போலிச் சான்றுகளை அச்சிட்டு வழங்கினர். ருமேனிய எல்லை வழியாகப் பலரை வெளியேற்றினர். ‘உலா’ எனப் பொருள்படும் ‘தியூல்’ என்பது இப்பயணத்துக்கு அவர்கள் இட்ட குழூஉக்குறி. சுவிஸ் துணைத் தூதர் கார்ல் லூட்ஸ் வழங்கிய பாதுகாப்புக் கடிதங்களைப் போன்றே மேலும் ஆயிரக்கணக்கான கடிதங்களை அவர்கள் உருவாக்கினர். செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரால் நடந்த குழந்தைகள் இல்லங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் காக்கப்பட்டபோது, உணவு சேர்ப்பதிலும் காவல் நிற்பதிலும் இவ்விளைஞர்களே முன்னின்றனர்.

தீவில் அடைபட்ட வழிகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மீட்புக்கு மூன்று இன்றியமையாதன எனக் கொள்ளலாம்: செய்தி, வழி, ஊர் கடந்த தொடர்பு. இம்மூன்றும் அந்தமானில் அடைபட்டிருந்தன.

ஆன்மாஸ் நகரிலிருந்து சுவிஸ் எல்லை நடந்து சேரும் தொலைவு. போர்ட் பிளேயரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். அக்கடலைக் கடந்து வந்துசெல்ல முடிந்தது நீர்மூழ்கிக் கப்பலால் மட்டுமே. அதுவும் மக்களை மீட்க வரவில்லை, செய்தி சேகரிக்க வந்தது. கிழக்கு ஐரோப்பாவில் காடு புகலிடமாயிற்று. அந்தமானின் காடு ஜாரவா மக்களின் நிலம். குடியேறியோருக்கு அது தலைமுறை தலைமுறையாக அச்சம் தந்த இடம். வெளியிலிருந்து உணவும் கருவியும் பெற்ற உளவுக் குழுவே அங்குத் தங்க முடிந்தது.

போலிச் சான்று என்னும் கருவியும் தீவில் பயனற்றது. புடாபெஸ்ட்டில் ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டு பத்து இலட்சம் பேருக்கிடையே மறையலாம். முப்பதாயிரம் பேர் வாழும் தீவில், அதிலும் ஒவ்வொருவரும் அரசுப் பதிவேட்டில் இடம்பெற்ற தண்டனைக் குடியேற்றத்தில், மறைவதற்குப் பெயர் இல்லை. ஊர் கடந்த தொடர்பாக இருந்தது லீக் ஒன்றே. அதன் தொடர்போ சிங்கப்பூரிலிருந்த தலைமையகத்தோடு, ஜப்பானியர் அனுமதித்த வழியில் அமைந்தது. தீவின் துயரத்தைத் தலைமைக்கு எடுத்துச் செல்லும் வழியும் துயரம் விளைத்தவர் கையிலேயே இருந்தது.

இந்நிலையில் எஞ்சியிருந்த மீட்பு வடிவம் ஒன்றே. தமிழில் ‘காட்டிக்கொடுத்தல்’ என்னும் சொல் உண்டு. அதன் எதிர்மறையான ‘காட்டிக்கொடாமை’ செயலின்மைபோலத் தோன்றினும் உண்மையில் ஒரு செயலாகும். உளவு வழக்குகள் சான்றுகளால் அல்ல, வதையால் பெறப்பட்ட வாக்குமூலங்களால் வளர்ந்தன. ஒருவர் கூறும் பெயர் அடுத்த கைதுக்கு வாயிலாயிற்று. வதைக்கு ஆற்றாது பெயர் கூறியவர்களைக் குறை கூறும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் 82 நாட்கள் ஒப்புதல் அளிக்க மறுத்த ஒருவரின் மௌனம், அவர் அறியாத எத்தனையோ வீடுகளின் கதவை மூடிவைத்தது எனலாம். இவ்வகையில் தீவான் சிங்கும் மரியான் கோனும் ஒரே பணியைச் செய்தவர்கள். 1944 மார்ச்சில் யூகோஸ்லாவியாவில் வான்குடை வழியாக இறங்கி, ஹங்கேரி எல்லையில் பிடிபட்டு, வானொலிக் குறியீட்டை வெளியிட மறுத்து, நவம்பர் 7 அன்று கொல்லப்பட்ட கவிஞர் ஹன்னா செனெஷும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

லோகநாதன்: அந்தமானும் இரங்கூனும்

அமைப்பின் பெயரும் கொடியும் மட்டும் காக்க மாட்டா என்பதற்குத் தமிழகத் தொடர்புடைய ஒருவரின் வரலாறே சான்று. சென்னையைச் சேர்ந்த மருத்துவப் படை அதிகாரி ஏ. டி. லோகநாதன், ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் அந்தமானின் தலைமை ஆணையராக அமர்த்தப்பட்டு, 1944 பிப்ரவரியில் பொறுப்பேற்றார். ஹம்ப்ரிகஞ்சுப் படுகொலை நிகழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. காவல்துறை அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. உளவு வழக்குகளில் தலையிட அவருக்கு இடமில்லை. நடைமுறையில் அவர் கைக்கு வந்தது கல்வித் துறையே. தீவுகளுக்கு ‘ஷகீத்’ என்றும் ‘ஸ்வராஜ்’ என்றும் பெயர் சூட்டப்பட்ட பின்னரும் சிறையின் திறவுகோல் இடம் மாறவில்லை. உடல்நலம் குன்றிய லோகநாதன் அதே ஆண்டிலேயே தீவைவிட்டு நீங்கினார்.

அதே மனிதர் 1945-இல் இரங்கூனில் வேறொரு நிலையில் காணப்படுகிறார். ஏப்ரல் 24 அன்று போஸ் இரங்கூனைவிட்டுப் புறப்பட்டபோது, நகரில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 6,000 இந்திய தேசியப் படை வீரர்களுக்கு லோகநாதன் தலைமை ஏற்றார். ஜப்பானியர் வெளியேறிப் பிரித்தானியர் நுழைவதற்கு முன் இருந்த அரசற்ற நாட்களில், அங்கு வாழ்ந்த இந்தியரின் உயிரையும் உடைமையையும் கொள்ளையிலிருந்து காப்பதே அப்படையின் பணியாயிற்று. அவ்விந்தியருள் தமிழரும் பலர். நகரம் பெருங்கலவரமின்றிக் கைமாறியது. போர்ட் பிளேயரில் இயலாதது இரங்கூனில் இயன்றது. மனிதர் மாறவில்லை, அவர் கையிலிருந்த ஆற்றல் மாறியது. தீவில் தோற்றவர் துணிவற்றவர் என்னும் கருத்துக்கு இதுவே மறுப்பாகும்.

கார் நிக்கோபாரில் ரிச்சர்ட்சன்

நிக்கோபார்த் தீவுகளின் நிலை சற்று வேறானது. அங்கு ஊர்த்தலைவர்களின் மரபு வழிப்பட்ட உறவுமுறைச் சமூகம் இருந்தது. அச்சமூகத்தின் கல்வி வரலாற்றில் ஒரு தமிழருக்கு இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமன் என்பவரே அவர். அவரிடம் பயின்று, பர்மாவின் மாண்டலேயில் கல்வி முடித்துத் திரும்பிய நிக்கோபாரியர் ஜான் ரிச்சர்ட்சன், ஆக்கிரமிப்புக் காலத்தில் தம் மக்களின் தலைவராக விளங்கினார். வான்தளம் அமைப்பதற்காக மக்கள் கட்டாய உழைப்புக்கு ஆட்படுத்தப்பட்டனர். 1945-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில், நேச நாடுகளின் தாக்குதலுக்குப் பின், இங்கும் உளவுக் குற்றச்சாட்டு எழுந்தது, பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. போர் முடிந்தமையால் அவர் உயிர் பிழைத்தார். இப்படுகொலைகள் குறித்து 1946 மார்ச்சில் சிங்கப்பூரில் போர்க் குற்ற விசாரணை நடைபெற்றது.

பிழைத்த ரிச்சர்ட்சன் 1950-இல் ஆயரானார். 1952-இல் தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக அமர்த்தப்பட்டார். விவிலியத்தைக் கார் நிக்கோபாரிய மொழியில் தந்தார். ஒரு தலைவர் உயிர் பிழைப்பது ஒரு சமூகத்தின் மறுவாழ்வுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது. போர்ட் பிளேயர் தன் தீவான் சிங்கை இழந்தது. கார் நிக்கோபார் தன் ரிச்சர்ட்சனைக் காத்துக்கொண்டது.

இறுதி மாதங்கள்

1945-இல் கடல்வழி முற்றிலும் அடைபட்டுத் தீவில் பஞ்சம் முற்றியது. உழைக்க இயலாதோர் உணவுக்குச் சுமை எனக் கருதப்பட்டனர். ஆகஸ்டு மாதத்தில், பயிரிட்டு வாழலாம் என்று கூறிப் படகுகளில் ஏற்றப்பட்ட சில நூறு பேர், ஹேவ்லாக் தீவின் அருகே கடலில் தள்ளப்பட்டனர். கரையேறியவர்களுள் பெரும்பாலோர் பசியால் மாண்டனர். புதிய இடத்தில் வாழ்வு உண்டு என்று கூறி அழைத்துச் செல்லும் வஞ்சகம் ஐரோப்பாவின் தொடர்வண்டி நிலையங்களிலும் கையாளப்பட்டது. அங்கே அவ்வஞ்சகத்தை இளைஞர் தூதர்கள் நகரந்தோறும் சென்று வெளிப்படுத்தினர். அந்தமானில் படகு ஏறியவர்களை எச்சரிக்கும் நிலையில் எவரும் எஞ்சவில்லை. எச்சரித்திருக்கக் கூடியவர்கள் முந்தைய ஆண்டே ஹம்ப்ரிகஞ்சு மண்ணுக்குள் இருந்தனர். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 30,971 ஆகக் குறைந்திருந்தது. இக்குறைவு முழுவதும் கொலையால் நேர்ந்ததன்று எனினும், ஆக்கிரமிப்பின் சுவடு அவ்வெண்ணிலும் பதிந்துள்ளது.

நினைவும் எழுத்தும்

உயிர் தப்பிய யூத இளைஞர் இயக்கத்தினர் போருக்குப் பின் தம் வரலாற்றைத் தாமே எழுதினர். சுக்கர்மன், லுபெட்கின் முதலியோர் இஸ்ரேலில் நிறுவிய குடியிருப்பில் 1949-இல் நினைவில்லமும் ஆவணக் காப்பகமும் தொடங்கப்பட்டன. வார்சாக் கெட்டோவுக்குள் இம்மானுவேல் ரிங்கல்பிளம் குழுவினர் புதைத்து வைத்த ஆவணங்களின் இரு பகுதிகள் 1946-இலும் 1950-இலும் தோண்டி எடுக்கப்பட்டன. அழிவின் நடுவிலும் எழுதிவைத்தமையால் அம்மக்களின் குரல் அவர்கள் மொழியிலேயே கிடைக்கிறது.

அந்தமானைப் பற்றி எழுத்தில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி வென்றவர்களின் அறிக்கையும் விசாரணை ஏடுகளும் ஆகும். ஹம்ப்ரிகஞ்சில் பலிபீடம் எழுப்பப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் ஜனவரி 30 அன்று அங்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. போர்ட் பிளேயரில் தீவான் சிங் பெயரால் குருத்வாரா விளங்குகிறது. 2018-இல் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும், 2024-இல் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றப்பட்டது. பெயர்கள் மாறும்போது பழைய பெயரோடு ஒட்டியிருந்த நினைவும் கழன்றுவிடாமல் காப்பது எழுத்தின் கடமை. நூற்றுக்கணக்கானோர் மூழ்கிய கடலுக்கு அருகிலுள்ள தீவு ‘தன்னாட்சி’ என்னும் பெயரைத் தாங்கும்போது, அம்மூழ்கியவர்களின் கதையும் அப்பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

முடிவுரை

ஆக்கிரமிப்பின் கீழ் மீட்பு என்பது துணிவால் மட்டும் நிகழ்வதன்று. செய்தியும் வழியும் ஊர் கடந்த தொடர்பும் கூடிய இடத்தில் யூத இளைஞர் இயக்கங்கள் தூதராகவும் ஆவணம் புனைவோராகவும் எல்லை கடத்துவோராகவும் செயற்பட்டுப் பல்லாயிரவரைக் காத்தன. இம்மூன்றும் அற்ற தீவில் ஒப்புதல் தர மறுப்பதும் முறையிடுவதும் இடைநின்று இறப்பதுமே மீட்பின் வடிவங்களாயின.

ஆக்கிரமிப்பாளர் ஏற்பளித்த அமைப்பு, அவ்வேற்பினாலேயே காக்கும் ஆற்றலை இழக்கிறது. வார்சாவின் யூத மன்றமும் போர்ட் பிளேயரின் லீக்கும் தம்முள் வேறுபட்டவை எனினும் இவ்வுண்மைக்கு இரண்டும் சான்று. வார்சாவில் மன்றத்துக்கு வெளியே நிற்க இளைஞர் இயக்கங்கள் இருந்தன. போர்ட் பிளேயரில் லீக்கிற்கு வெளியே நிற்க எவரும் இல்லை. ஆகவே லீக்கின் தலைவரே தனி மனிதராக வெளியே வந்து நிற்க நேர்ந்தது.

காக்கப்பட்டோரின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மீட்பை அளந்தால் அந்தமானின் பங்கு சுழியம் எனத் தோன்றும். சொல்லப்படாத பெயர்களைக் கொண்டும் அதனை அளத்தல் வேண்டும். அப்பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவற்றுக்கு உரியோர் வாழ்ந்து, அவர்தம் மக்களும் பேரர்களும் இத்தீவுகளில் இன்றும் வாழ்வதே அவ்வளவைக்குச் சான்றாகும்.